கேற்றடி லெம்பேட்டின் சைக்கிள் நேர்த்தி

தோட்டவெளிக்கும் பேசாலைக்கும் இடையில், தெரு ரெயில் பாதையைக் குறுக்கே கடக்கும் இடத்தில், இரண்டு வெள்ளை மரக் கேற்றுகளும் ஒரு சிறிய குடிலும் இருந்தன. அந்தக் கேற்றைப் பூட்டித் திறப்பதுதான் சந்தான் லெம்பேட்டின் உத்தியோகம். ரெயில் கோச்சி வருகிற நேரம் மாட்டுவண்டிகளையும் மீன்கூடைக்காரரையும் ஊர்க்கழுதைகளையும் மறிப்பார். கோச்சி போனதும் விடுவார். பயணம் போகிறவர்களை நிறுத்தி வைப்பதற்காகவே அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. சைக்கிளில் இலங்கை முழுவதையும் பார்த்த மனிதர் இவர்தான் என்று யாராவது காட்டினால், வெளியூர்க்காரர் முதலில் கேற்றைப் பார்ப்பார்கள், பிறகு அவரைப் பார்ப்பார்கள், கடைசியில் சொன்னவரைச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

அவர்கள் சந்தேகப்பட இன்னொரு நியாயமும் இருந்தது. ரெயில் பகுதியில் வேலை செய்கிறவருக்கு வருடத்துக்கு ஒரு தடவை இலவச பாஸ் உண்டு. மனைவி பிள்ளைகளோடு ஏறி உட்கார்ந்தால் கொழும்புக்கும் போகலாம், மாத்தறைக்கும் போகலாம், பதுளைக்கும் போகலாம். ஊரில் எல்லாரும் அந்தப் பாஸை நினைத்துப் பெருமூச்சு விட்டார்கள். லெம்பேட் மட்டும் அதைத் தகரப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, சோளகக் காற்று முகத்தில் அறைய அறையச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். இலவசமாக உட்கார்ந்து போகக்கூடிய இடத்துக்கு வியர்த்து விறுவிறுத்துப் போகிறவனுக்கு ஏதோ காரணம் இருக்கத்தானே வேண்டும். ஊர் அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்தது. அதற்கு அவர் செய்ததெல்லாம் தலையாட்டியது மட்டும்தான்.

அது ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதாம் ஆண்டு. தலைமன்னாரில் வேலை முடிந்து சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவரின் சாமான்கள் ஏலத்தில் போனபோது, லெம்பேட் ஒரு சைக்கிளை வாங்கியிருந்தார். வேலைக்குப் போய்வர என்று மனைவி மாக்கிறட்டிடம் சொன்னார். வீட்டிலிருந்து கேற்றடிக்கு இருநூறு கஜம்தான் தூரம். வாங்கி ஒரு மாதத்துக்குள், யாருக்கும் சொல்லாமல், கொழும்பு வரை ஓடிப் பார்ப்பதற்குப் பதினான்கு நாள் லீவு கேட்டு எழுதிப் போட்டார்.

லீவு வருவதற்கு முன் காய்ச்சல் வந்தது. இரண்டு வயது மகள் லூசியா ஒன்பது நாள் கண் திறக்கவில்லை. அந்தக் கரையில் பிள்ளைக்கு வருத்தம் கடுமையானால் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேர்த்தி வைப்பார்கள். மாக்கிறட் மடுமாதாவுக்குத் தலைமுடி நேர்ந்தாள். அவளுடைய அக்கா றோஸ்மேரி கோயிலுக்கு ஒரு கிடாய் நேர்ந்தாள். லெம்பேட் பிள்ளையின் தலைமாட்டில் இருந்து ஈரத்துணி மாற்றிக்கொண்டேயிருந்தார். நேர்த்தி என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. பத்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. பன்னிரண்டாம் நாள் லீவுக் கடிதம் வந்தது.

அவர் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்த நேரம் அது. முற்றத்தில் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கடிதம் சட்டைப்பையில் வெளியே தெரிந்தது. றோஸ்மேரி வந்து நின்று கடிதத்தைப் பார்த்தாள், சைக்கிளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவளுடைய கண் கலங்கியது.

"பிள்ளைக்காண்டிக் கோயிலுக்குக் கால்வலியோட மிதிச்சுப் போறதெண்டு நேர்ந்தனீங்களோ, மச்சான்?"

"ஓம்" என்றார் லெம்பேட்.

அதோடு அவள் விட்டிருந்தால் கதை பதினான்கு நாளில் முடிந்திருக்கும். ஆனால் நேர்த்தி என்றால் அதற்கு ஒரு தவணை உண்டு. எத்தனை வருடத்துக்கு என்று அவள் கேட்டாள். லெம்பேட் யோசித்தார். லூசியா அப்போதுதான் கஞ்சி குடிக்கத் தொடங்கியிருந்தாள். அவளுடைய கலியாணம் அவருக்கு மறுகரை தெரியாத கடலுக்கு அப்பால் இருந்தது. "அவள் கலியாணம் முடியுமட்டும்" என்றார். நேர்ந்ததைச் செய்யாமல் விட்டால் அது பிள்ளையைத்தான் பிடிக்கும் என்பது ஊர் நம்பிக்கை. ஆகவே அன்றிலிருந்து அவரைப் போகவேண்டாம் என்று சொல்ல ஊரில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. மாக்கிறட்டுக்கும்தான். பாஸ் பெட்டிக்குள் போனது.

இப்படித்தான் அவருடைய பயணங்கள் தொடங்கின. முதல் வருடம் சைக்கிளைத் தோணியில் ஏற்றிக் கரை கடந்து, மணலில் பாதித் தூரம் உருட்டிப் புத்தளம் வழியாகக் கொழும்புக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனார். அடுத்த வருடம் திருகோணமலை. பிறகு காலி, மட்டக்களப்பு, கண்டி, நுவரெலியா. நேர்த்திக்காரன் கோயிலுக்குப் போகவேண்டும் என்பதால், முதலில் போக விரும்பும் தெருவைத் தீர்மானித்துக்கொண்டு, பிறகு அந்தத் தெரு முடிகிற இடத்தில் எந்த அர்ச்சியசிஷ்டவருக்குக் கோயில் இருக்கிறது என்று பங்குச் சுவாமியாரிடம் விசாரிப்பார். இலங்கையில் நல்ல தெரு உள்ள இடமெல்லாம் ஏதோவொரு கோயிலும் இருந்தது. அதை அவர் தெய்வச் செயல் என்றே எடுத்துக்கொண்டார்.

கண்டிக்குப் போன வருடம் நடந்ததை அவர் கடைசிவரை மறக்கவில்லை. மன்னார்த் தீவில் பிறந்தவனுக்கு மேடு என்றால் கடற்கரை மணல்திட்டிதான். அதற்கு மேல் உயரம் வேண்டுமானால் பனையில் ஏறவேண்டும். கடுகண்ணாவ ஏற்றத்தில் சைக்கிள் திடீரென்று பாரமாகியது. லெம்பேட் இறங்கி ரயரை அமத்திப் பார்த்தார். காற்று இருந்தது. பிறேக் சில்லைப் பிடிக்கிறதோ என்று பார்த்தார். இல்லை. சங்கிலியைக் கழற்றித் துடைத்துப் பூட்டினார். இன்னும் கொஞ்சம் மிதித்தார், இன்னும் பாரமாக இருந்தது. தெருவோரத்தில் வெற்றிலை விற்ற ஒரு மனிசி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பாஷை தெரியாவிட்டாலும் விளங்கட்டும் என்று, கையைச் சரித்துத் தெருவைக் காட்டினாள். அப்போதுதான் தெரு மேலே போகிறது என்பதை லெம்பேட் கவனித்தார். அவர் வெட்கப்பட்டதை அவள் பார்த்தாள். அவர் சிரித்தபோது அவளும் சிரித்தாள்.

ஏறியது எவ்வளவோ, இறங்கியதும் அவ்வளவு. திரும்பி வரும்போது காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டு, காற்று சட்டையை ஊத, மைல் கணக்காக இறங்கினார். அந்தச் சந்தோசத்தை அவர் யாரிடமும் சொல்லமுடியவில்லை. நேர்த்திக்குப் போனவன் வாடித்தான் வரவேண்டும். ஆகவே ஒவ்வொரு வருடமும் ஊருக்குக் கிட்ட வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கி, முகத்தைக் கொஞ்சம் சரிப்படுத்திக்கொண்டு, வலது காலை லேசாக இழுத்து இழுத்து நடந்து வருவார். ஒரு வருடம் மறந்துபோய் இடது காலை இழுத்தார். இரண்டு காலும் போய்விட்டது என்று ஊர் இரங்கியது.

அவர் ஏமாற்றுக்காரர் என்று யாரும் நினைக்கக்கூடாது. போன இடமெல்லாம் கோயிலுக்குள் போனார். பேசாலையிலிருந்து விடத்தல்தீவு வரை ஆட்கள் அவரிடம் மெழுகுதிரி கொடுத்துவிடுவார்கள். வள்ளம் கரை சேர, மருமகன் குடியை விட, காணாமல்போன மாடு வர என்று ஒவ்வொரு திரிக்கும் ஒரு விண்ணப்பம் இருக்கும். ஆடி மாத வெயிலில் அவை அனுராதபுரம் தாண்டுவதற்குள் உருகி ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிடும். லெம்பேட் அந்தக் கட்டியைப் பீடத்தடியில் வைத்து, தெரிந்த திரியெல்லாவற்றையும் கொளுத்தி, அவரவர் பெயரைச் சொல்லி, கலந்துபோனதைப் பிரித்துக் கொடுக்கும்படி அர்ச்சியசிஷ்டவரிடமே விட்டுவிடுவார். ஒரு துண்டு மெழுகைக்கூட வழியில் எறிந்ததில்லை. தனக்கென்று மட்டும் அவர் எதையும் கேட்கவில்லை. கேட்கவேண்டியது அவரிடம் ஏற்கெனவே இருந்தது, இரண்டு சில்லோடு.

உண்மையை மோந்து பிடித்தவர் ஒருவர்தான். மன்னார்ப் பட்டினத்தில் சைக்கிள் திருத்தும் ஜுனைதீன். ஒவ்வொரு பயணத்துக்கும் முன் லெம்பேட் அவருடைய கடையில் அரை நாள் இருந்து, கம்பி கம்பியாக இறுக்குவிப்பார். ஜுனைதீன் வேலையை விட்டு நிமிராமலே சொன்னார்: "நேத்திக்குப் போற ஆக்களை நான் கண்டிருக்கிறன், லெம்பேட்டு. அவங்க செருப்பைக்கூடத் துடைக்கமாட்டாங்க. நீங்க பெல்லுக்குப் பொலிஷ் போடுறீங்க."

"மாதாவிட்டப் போற வண்டி, நானா. வடிவா இருக்கத்தானே வேணும்."

"மாதாவுக்கு பெல் அடிச்சுக் காட்டுறதுக்கா?" என்று ஜுனைதீன் கேட்டார். அதற்கு மேல் கேட்கவில்லை. நல்ல வாடிக்கைக்காரரை இழக்க அவர் விரும்பவில்லை.

வருடங்கள் போயின. கடல் கடந்த தூரத்தில் இருந்த கலியாணம் கரைக்கு வந்தது. லூசியா பத்தொன்பதைத் தாண்டினாள். லெம்பேட் இன்னும் பார்க்காத ஒரு பகுதிதான் மிச்சம் இருந்தது. மட்டக்களப்புக்குத் தெற்கே கரையோடு பொத்துவில், அங்கிருந்து மலையேறிப் பதுளை. அதற்கு இரண்டு வருடமாவது வேண்டும் என்று அவர் கணக்கிட்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளைமார் வரத் தொடங்கினார்கள்.

விடத்தல்தீவிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். கதைக்கும்போது பல் அதிகம் தெரிகிறது என்றார் லெம்பேட். நானாட்டானிலிருந்து வயல்காரர் ஒருவர் வந்தார். குளத்துத் தண்ணீர் பிள்ளைக்குப் பிடிக்காது என்றார். மூன்றாவதாக வந்த வலன்ரைன், தலைமன்னார் இறங்குதுறைப் பாலத்தடியில் ரெயில் பகுதியிலேயே வேலை செய்தவன். அமைதியானவன், பல்லும் அளவாக இருந்தது. லூசியாவுக்கு அவனைப் பிடித்திருந்தது என்பது, அவன் வந்து போன அன்று அவள் கறிக்கு இரண்டு தடவை உப்புப் போட்டதில் தெரிந்தது. லெம்பேட் நன்றாக யோசித்து, ரெயில் உத்தியோகத்தருக்கு ஓயாமல் இடமாற்றம் வரும், ஓரிடத்தில் நிலைக்கமாட்டார்கள் என்றார். அவர் ஒரே கேற்றில் இருபத்துநாலு வருடமாக இருந்தார்.

மறுநாள் மத்தியானம் லூசியா வழக்கம்போல் கேற்றடிக்குச் சோறு கொண்டு வந்தாள். அவர் சாப்பிடும் வரை குடில் வாசலில் இருந்தாள். பிறகு, சும்மா கேட்பதுபோலக் கேட்டாள்:

"வாற ஆடிக்கு எங்க போறதெண்டு யோசிச்சிட்டீங்களோ, அப்பா?"

லெம்பேட்டின் முகம் விளக்கு ஏற்றியதுபோல் ஆனது. சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கரியால் நிலத்தில் கோடு கீறினார். மட்டக்களப்பிலிருந்து இப்படி வந்தால் கல்முனை, இப்படித் திரும்பினால் பொத்துவில், அதுக்கடுத்த வரியம் இந்த மலைத் தெரு என்றார். அந்த மலைத் தெருவில் எத்தனை வளைவு இருக்கிறது என்றும் சொன்னார். லூசியா கோட்டைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

"அப்ப இன்னும் ரெண்டு வரியம்" என்றாள்.

"ஓம் பிள்ளை."

"நேர்த்தி எனக்காண்டியோ அப்பா, சைக்கிளுக்காண்டியோ?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். கோச்சி கூவியது. எழுந்து போய்க் கேற்றைப் பூட்டவேண்டியிருந்தது. பூட்டி, கொடி பிடித்து, கோச்சி போனதும் கேற்றைத் திறந்துவிட்டுத் திரும்பி வந்தபோது லூசியா கோப்பையை எடுத்துக்கொண்டு போயிருந்தாள். நிலத்தில் கோடு மட்டும் இருந்தது. மகளையும் ஒரு கேற்றுக்குப் பின்னால் மறித்து வைத்திருக்கிறேன் என்பது லெம்பேட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. கோடு கீறிய இடத்தைக் காலால் அழித்தார். அழிக்க மனம் வரவில்லை என்பதையும் கவனித்தார்.

அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். நேர்த்தியே வைக்கவில்லை, பதினெட்டு வருடமாகப் பொய் சொன்னேன் என்றார்.

"போன இடத்தில கோயிலுக்குள்ள போனனீரோ?"

"போனனான், சுவாமி."

"சனம் தந்த மெழுகுதிரி?"

"ஒண்டும் விடேல்ல."

"அப்ப என்ன பொய்?"

"சந்தோசமாப் போனனான், சுவாமி" என்றார் லெம்பேட்.

சந்தோசம் பாவமில்லை, அதற்காகப் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பதுதான் பாவம் என்று சுவாமியார் சொன்னார். பத்துச் செபமாலை சொல்லச் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்த லெம்பேட்டுக்குக் கிடைத்த அபராதம் வேறு. வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் மாக்கிறட்டிடம் சொல்லவேண்டும். செபமாலை நூறு என்றாலும் பரவாயில்லை என்று லெம்பேட் கேட்டுப் பார்த்தார். சுவாமியார் ஜன்னலைச் சாத்திவிட்டார்.

மாக்கிறட் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் முதலிலிருந்து கடைசி வரை சொன்னார். கால் இழுத்ததையும் சொன்னார். அவள் கத்தியை நிறுத்தவேயில்லை. எல்லாம் முடிந்தபிறகு ஒன்று கேட்டாள்.

"நுவரெலியாவில குளிரோ?"

"ஓம். சரியான குளிர்."

"நான் ஒருநாளும் குளிரைக் காணேல்ல" என்றாள். தகரப் பெட்டிக்குள் கிடந்து காலாவதியான பாஸ்களைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. லெம்பேட்டுக்கு அவள் சொல்லியிருந்தால் நல்லது போலிருந்தது.

வலன்ரைனுக்குச் சம்மதம் என்று மறுநாளே ஆள் அனுப்பினார். ஊர் முழுக்க உண்மையைச் சொல்லிவிடவும் ஆயத்தமாக இருந்தார். மாக்கிறட்தான் தடுத்தாள். வலன்ரைனின் தாய் அன்ரோனெற் இந்தச் சம்பந்தத்துக்கு இறங்கி வந்ததே, பதினெட்டு வருட நேர்த்தியில் வளர்ந்த பிள்ளை என்பதற்காகத்தான். இப்போது போய், அது நேர்த்தி இல்லை, உல்லாசம் என்று சொன்னால், அந்த மனிசி எழும்பிப் போய்விடுவாள். உங்கட மனச்சாட்சி கலியாணம் முடியுமட்டும் பொறுக்கட்டும் என்றாள் மாக்கிறட்.

ஆனால் நேர்த்தி தன் கணக்கில் போய்க்கொண்டிருந்தது. கலியாணப் பேச்சு முடிந்து எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, றோஸ்மேரி எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "நேர்த்தி முடியுது. இனி நேர்த்திச் சாமான் கோயிலுக்குத்தானே, மச்சான்."

அது அந்தக் கரையின் வழக்கம். நேர்த்திக்கு வளர்த்த கிடாய், நேர்த்திக்கு வைத்த முடி, நேர்த்தியால் தப்பிய வள்ளத்தின் பாய்த்துண்டு எல்லாம் கோயிலுக்குப் போகும். அன்ரோனெற் பக்தியோடு தலையாட்டினாள். மூலையில் சாத்தியிருந்த சைக்கிளை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். லெம்பேட் லூசியாவைப் பார்த்தார். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"ஓம்" என்றார். பதினெட்டு வருடத்துக்கு முன் சொன்ன அதே வார்த்தைதான். இந்தத் தடவை அது பொய்யில்லை.

கலியாணத்தன்று காலை சைக்கிளுக்கு மாலை போட்டார்கள். லெம்பேட் பெல்லை மினுக்கி, ரயருக்குக் காற்று அடித்து, கோயில் வரை உருட்டிக்கொண்டு போனார். ஏறி ஓடவில்லை. பீடத்தின் பக்கத்தில் சாத்திவிட்டுக் கை எடுத்தபோது அவர் அழுதார். இப்படி ஒரு பக்தியைத் தான் கண்டதில்லை என்று அன்ரோனெற் பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்.

காணிக்கைப் பொருட்களைக் கோயிலில் நெடுநாள் வைத்திருப்பதில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். கோயில் மூப்பர் சேவலை விற்றார், கிடாயை விற்றார், பூசணிக்காயையும் விற்றார். பிறகு சைக்கிளை முன்னால் கொண்டு வந்தார். வாங்க வசதியிருந்த ஆட்கள் ஐந்தாறு பேர் நின்றார்கள். ஆனால் ஒரு பிள்ளையின் உயிருக்காகப் பதினெட்டு வருடம் ஓடிய வண்டி அது. அதில் ஏறிச் சந்தைக்குப் போய்க் கருவாடு வாங்க யாருக்கு மனம் வரும்? ஒருவரும் கேட்கவில்லை. மூப்பர் மூன்றாம் தரமும் கூப்பிட்டார். கோயில் பின்கொட்டிலில் உப்புக்காற்றில் துருப்பிடிக்கத்தான் போகிறது என்று லெம்பேட் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாலு கோழி" என்றாள் மாக்கிறட்.

மூப்பர் விளங்காமல் பார்த்தார். பெண்கள் ஏலம் கேட்பதும் இல்லை, கோழியால் கேட்பதும் இல்லை. "முட்டையிடுற கோழி" என்று அவள் விளக்கினாள். மூப்பர் சுவாமியாரைப் பார்த்தார். லெம்பேட் சொன்ன இரகசியத்தை இந்த உலகத்தில் யாருக்கும் சொல்லமுடியாத சுவாமியார், விறாந்தையிலிருந்து உடனே, "சரி, குடுங்கோ, வெயில் ஏறுது" என்றார்.

மாக்கிறட் வீட்டை நோக்கி முன்னால் நடந்தாள். லெம்பேட் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். வீட்டு முற்றத்துக்கு வந்ததும் மாக்கிறட் நின்றாள்.

"இனிப் போறதெண்டால் சும்மா போறனெண்டு சொல்லிப் போட்டுப் போங்கோ. நேர்த்தி கீர்த்தியெண்டு என்ர வீட்டுக்குள்ள ஒரு கதை இருக்கக்கூடாது."

"ஓம்."

"பாஸை எனக்கு எடுத்துத் தாங்கோ. பதுளைக்குக் கோச்சி போகுதாமே. நான் அக்காவோட அதில வாறன். நீங்கள் உங்கட மலைத் தெருவால வாங்கோ. ஆர் முந்தி எண்டு பாப்பம்."

அடுத்த ஆடியில், அவர் புறப்படுவதற்கு ஒரு கிழமைக்கு முன்பே வீட்டுக்கு ஆட்கள் மெழுகுதிரியோடு வரத் தொடங்கினார்கள். லெம்பேட் வாக்குக் கொடுத்தபடி ஒவ்வொருவரிடமும் உண்மையைச் சொன்னார். நேர்த்தி ஒன்றும் இல்லை, முன்னமும் இருக்கவில்லை, எனக்கு ஓட விருப்பம், சும்மா போகிறேன் என்றார். வந்தவர்கள் மரியாதையோடு கேட்டார்கள். கேட்டது கிடைக்குமட்டும் நேர்த்தியை வெளியே சொல்லக்கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும். இதில் மாக்கிறட்டும் சேர்ந்திருக்கிறாள் என்றால், லூசியாவுக்குப் பிள்ளை கிடைப்பதற்காகத்தான் இருக்கும் என்று அவர்களே விளங்கிக்கொண்டு, மெழுகுதிரியைக் கரியரில் கட்டிவிட்டுப் போனார்கள். முன்னைவிட இரட்டிப்பாக இருந்தது.

புறப்பட்ட காலை, லீவுக்குப் பதிலாள் கேற்றடியில் நின்றான். லெம்பேட் வந்து சேரவும் அவன் கேற்றைப் பூட்டவும் சரியாக இருந்தது. கடமை தெரிந்த ஆள். திறக்கச் சொல்ல லெம்பேட்டுக்கே வாய் வரவில்லை. இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவையாகத் தன் கேற்றுக்கு வெளியே, ஒரு மாட்டுவண்டிக்கும் மூன்று கழுதைகளுக்கும் நடுவில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பேசாலையில் ஆள் ஏற்றிய கோச்சி கூவிக்கொண்டு வந்தது. மூன்றாவது பெட்டியின் ஜன்னலில், காணாத குளிருக்காக இப்போதே ஒரு கம்பளியைப் போர்த்துக்கொண்டு, மாக்கிறட் இருந்தாள். அவரைக் கண்டதும் கையை ஆட்டவில்லை. விரலை நீட்டி முன்னுக்கு, தெற்கே, காட்டினாள்.

கடைசிப் பெட்டி போய் முடிந்தது. பதிலாள் மெல்ல வந்து கேற்றைத் திறந்தான். லெம்பேட் பெல்லை இரண்டு தரம் அடித்துக் கழுதைகளை விலத்திக்கொண்டு ஏறினார்.